மாமாவின் இரத்தமும் மாமியின் மடிப்பிச்சையும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர் யாராவது கேட்டால், "லேப்பில இரத்தம் சோதிக்கிறன்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அந்தப் பதிலிலும் ஆபத்து உண்டு. உடனே கையை நீட்டி, சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்த்துத் தரச் சொல்வார்கள்.

உண்மையில் நான் தேடுவது வேறு. ஈரலில் புற்றுநோய் வந்தவர்களின் இரத்தத்தில், அந்தக் கட்டியிலிருந்து கழன்று வந்த செல், எங்கள் தமிழில் கலம், ஏதும் ஓடித் திரிகிறதா என்று பார்ப்பேன். ஈரலில் பிடித்த நோய் எப்படி நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேருகிறது என்பதை அந்தக் கலங்களின் பின்னால் போனால்தான் அறியலாம். போகிற வழியில் அவற்றில் பெரும்பாலானவை இரத்த ஓட்டத்திலேயே செத்துவிடும். ஒன்றோ இரண்டோ தப்பிப் பிழைத்து வேறொரு உறுப்பில் போய்க் குந்திக்கொள்ளும். தப்பியது எது, எப்படித் தப்பியது என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு சின்னக் குழாய் இரத்தத்தில் உள்ள கோடிக்கணக்கான கலங்களுக்குள் அந்த ஒன்றைத் தேட வேண்டும். நானோ அரிசியில் கல் பொறுக்கப் பொறுமை இல்லாதவள். மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் பெயர். என்னை இந்த வேலைக்கு எடுத்த பேராசிரியருக்கு மனிதரை எடைபோடத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் சொல்லப் போகும் மாமா பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஆற்றோரமாக இருக்கிறவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வீச்சுவலை போட்டு இறால் பிடிப்பதுதான் அவர் தொழில். வயிற்று நோவுக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு ஈரலில் கட்டி என்றார்கள். கொழும்பில் வெட்டி எடுக்கத் திகதியும் கொடுத்தார்கள். கட்டியை எடுக்க முன்னர் ஒருமுறை, எடுத்த பின்னர் ஒருமுறை, அதற்குப் பிறகு இடைக்கிடை என்று அவரிடம் இரத்தம் எடுக்க நாங்கள் சம்மதம் கேட்டிருந்தோம். அவருடைய அண்ணனையும் இதே நோய்தான் கொண்டுபோனது. ஈரலில் வெட்டி எடுத்த பிறகும் அது எப்படியோ நெஞ்சுக்குள் போய்விட்டது. "அது எந்த வழியால போனதெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் மாமா ஒப்புக்கொண்டார்.

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. முதல் நாள் போனபோது அவருடைய மனைவி என்னை வாசலில் நிறுத்தி, தண்ணீர் தர முன்னரே, "என்ன குடி புள்ள?" என்று கேட்டார். அம்மா வழியாக வரும் என் குலத்தின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வாய்க்குள் கணக்குப் பார்த்தார். "அப்ப நான் உனக்கு மாமி" என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு அவர் மாமாவானார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஆராய்ச்சிக்காரி இல்லை.

மாமா நோயைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டது தன் பெயருக்காகத்தான். ஈரல் என்றவுடன் ஊர் சாராயப் போத்தலைத்தான் நினைக்கும். "என்ட வாயில ஒரு சொட்டுப் பட்டதில்ல. சீனி வருத்தமும் ஈரல்ல கொழுப்பும்தான் காரணமாம். கடையில நிண்டு ஒவ்வொருத்தனுக்கும் விளங்கப்படுத்த வேண்டிக் கிடக்கு" என்று புலம்புவார். கடையில் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு சிரித்தார்களாம். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

கலம் ஊர்விட்டு ஊர் போகும் கதையை நான் அவர்களுக்குச் சொன்னபோது, மாமி இறால் கோது உரித்துக்கொண்டிருந்தார். "இரிந்த இடத்த விட்டு வெளிக்கிட்டு, வழியெல்லாம் சீரழிஞ்சு, கடைசியா ஆரிட வீட்டிலயோ போய்க் குந்திக்கொள்ளும் எண்டு சொல்லு" என்றார். ஓம் என்றேன். "எங்கட ஆம்பிளையள் மாதிரி" என்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவர் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வேறு ஊரிலிருந்து வந்து குந்திக்கொண்ட மாமா பக்கத்திலேயே இருந்தார். "வாசல் திறந்து விட்டது நீதானே" என்று மட்டும் சொன்னார். மாமி இறாலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

முதல் முறை இரத்தம் எடுத்து முடிந்ததும் எனக்குத் தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினால், மாமி இரத்தக் குழாய் வைத்த என் ரெஜிபோம் பெட்டியைத் திறந்து, சட்டியால் ஐஸ் கட்டிகளை அள்ளிக் கொட்டப் போகிறார். பாய்ந்து போய்ப் பிடித்தேன். மீனுக்கு ஐஸ் போடாமல் ஆற்றைத் தாண்டி அனுப்பினால் மணக்கும் என்று தெரிந்தவருக்கு, இரத்தத்தைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. இரத்தத்தில் ஐஸ் பட்டால் கலங்கள் உறைந்து உடைந்துவிடும், குளிராக இருந்தால் போதும் என்று கத்தியே விளக்கினேன். "கத்தாதகா, மீனெண்டு நினைச்சிட்டன்" என்றார். பாலம் தாண்டி லேப்புக்கு வருவதற்குள் ஸ்கூட்டியை இரண்டு தரம் நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

கண்டுபிடிக்கும் விதம் மாமாவுக்கு நான் சொல்ல முன்னரே பாதி விளங்கிவிட்டது. எங்களிடம் இருப்பதும் ஒருவகை வலைதான். மிகச் சின்னக் கண்ணிகள் உள்ள ஒரு வடிகட்டி. சிவப்புக் கலங்கள் நெளிந்து வழுகிப் போய்விடும், பெரிய கலங்கள் மேலே தங்கும். தங்கியவற்றுக்கு இரண்டு விதச் சாயம் போட்டு இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் வைத்தால், கட்டியிலிருந்து வந்தது பச்சையாக ஒளிரும். அது இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துப் போக வேண்டும். கண் எரியும், கழுத்து நோகும். நடுவில் கரண்ட் போனால் வாயில் வருவதை எழுத முடியாது.

மாமாவின் முதல் இரத்தத்தில் அது எங்கள் வலையில் பட்டது. ஓரத்தில், தனியாக, பெரிய கருவோடு பச்சையாக இருந்தது. நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், பிறகு தன் காசில் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார். எங்கள் லேப்பில் நாங்களே பிடித்த முதல் கலம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தில், அது யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்பதை வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் ஏதோ கையெழுத்துக்காக மாமா வீட்டுக்குப் போனேன். "பட்டிச்சா?" என்று மாமா கேட்டார். மீன் பட்டதா என்று வலைக்குப் போய் வந்தவனைக் கேட்பது போலத்தான் கேட்டார். பல்லெல்லாம் தெரிய, "ஓம் மாமா, பட்டிச்சு" என்றேன். அவருக்கு என்னைவிடச் சந்தோசம். மாமி எனக்கு இரண்டு பார்சல் கட்டித் தந்தார், ஒன்றில் நண்டு. இது தெரிந்ததும் பேராசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னை நல்லாய் ஏசினார். எங்கள் முடிவுகள் இன்னும் ஆராய்ச்சிதான், அதை வைத்து யாரும் பயப்படவும் கூடாது, ஆறுதல் படவும் கூடாது, நோயாளிக்குச் சொல்லவே கூடாது என்று முதலில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

மாமா கொழும்புக்குப் போய், ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மெலிந்து திரும்பி வந்தார். வயிற்றில் பெரிய வெட்டு. வலை வீசக் கூடாது என்று சொல்லியிருந்ததால், தோணியில் குந்தியிருந்து மற்றவர்களின் வலைக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டாவது முறை இரத்தம் எடுத்தேன். வடிகட்டியை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். ஒன்றும் படவில்லை. திரும்பவும் பார்த்தேன், இல்லை. ஒரு குழாய் இரத்தத்தில் இல்லை என்றால் உடம்பிலேயே இல்லை என்று அடித்துச் சொல்ல ஏலாது. என்றாலும் பட்டிருப்பதைவிடப் படாமல் இருப்பது எவ்வளவோ நல்லது. கட்டியை எடுத்த பிறகும் இரத்தத்தில் அது திரிகிறது என்றால், அண்ணனுக்கு நடந்தது தம்பிக்கும் நடக்கலாம் என்பதுதான் பயம்.

அடுத்த முறை அங்கே போனபோது மாமா வழக்கம்போல, "பட்டிச்சா?" என்றார். வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "சொல்லக் கூடாது மாமா" என்றேன். மாமாவும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி உள்ளே போய், பொரித்த மணலை மீனும் சோறும் கட்டிக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "கவலைப்படாத புள்ள. எல்லா நாளும் படுமா?" என்றார் மாமா. என் தோளில் தட்டியும் விட்டார். பாவம் பார்க்கிறார்கள் என்று விளங்கியது. எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை. மீன் நல்ல ருசி. விளக்கம் கேட்காமல் தின்றுவிட்டேன்.

பிறகு வைகாசி வந்தது. கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு என்று சொல்லும் திருவிழா தொடங்கும் காலம். அதற்குள் மூன்றாவது இரத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலையில் வெளிக்கிட்டேன். பாலம் தாண்டி ஊருக்குள் போனதும் ஒரு வேலியில் நின்ற பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். முன்பின் தெரியாதவள். "நீதானே அந்த லேப் புள்ள? பயப்படாத, இந்த முறை படும்" என்றாள். அடுத்த வளைவில் இன்னொருத்தி, "அம்மாள் கைவிட மாட்டா" என்றாள். கடையில் நின்ற மனிதர், "பட்டால் எங்களுக்கும் சொல்லு" என்றார். ஸ்கூட்டியை மாமா வீட்டுக்கு விரட்டினேன்.

மாமி வாசலிலேயே நின்றார். சேலை மடி நிறைய அரிசி. நேர்த்தி வைத்தவர்கள் வீடு வீடாகப் போய் மடியேந்திப் பிச்சை எடுத்து, அந்த அரிசியில் அம்மனுக்குப் பொங்குவது எங்கள் வழக்கம். வேலை செய்கிற பிள்ளை, ஒன்றும் பிடிக்காமல் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மாமிக்குப் பயம். அதனால் எனக்காக நேர்ந்திருக்கிறார். "என்ட புருசன்ட இரத்தத்தில இந்தப் புள்ள தேடுறது படணும் தாயே எண்டு நேர்ந்தன். ஒரு வீடு விடல்ல, எல்லாருக்கும் சொல்லித்தான் மடிப்பிச்சை எடுத்தன்" என்று முகம் மலர்ந்து சொன்னார்.

நான் ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட மறந்து இறங்கினேன். அது விழுந்தது.

"மாமி, அது படக் கூடாது" என்றேன். "கட்டியை வெட்டி எடுத்தாச்சு. இனி அது இரத்தத்தில பட்டிச்செண்டா நல்லதில்ல மாமி. அதுதான் பெரிய மாமாட நெஞ்சுக்குள்ள போனது மாதிரி வேறெங்கயும் போய்க் குந்தும். படாம இரிந்தாத்தான் எங்களுக்கு நல்லம்."

மாமியின் கை மடியை விட்டுவிட்டது. அரிசி காலடியில் கொட்டியது. நான் குனிந்து அள்ளப் போனேன். அவர் அசையவில்லை. ஊர் முழுவதையும் கூட்டி, புருசனுக்கு நோய் வர வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுவிட்டு நிற்கிறார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. என் பல்லெல்லாம் தெரிந்த அந்த ஒரு நாள்தான் இவ்வளவுக்கும் காரணம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாமா சிரிக்கிறார். வெட்டின வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரிக்கிறார். "முப்பது வருசம் சோறு போட்டவள், கடைசியா ஊரையும் சேர்த்துக்கொண்டு என்னை அனுப்பப் பார்த்தாளே" என்றார். சிரித்து முடிந்ததும் என்னைப் பார்த்தார். "அப்ப போன முறை நீ மூஞ்சிய நீட்டிக்கொண்டு நிண்டது, ஒண்டும் படாததாலதானா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல மாமா."

"நீ சொல்ல வேணாம் புள்ள" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வாசலில் குந்தி, கொட்டிய அரிசியை அள்ளத் தொடங்கினார்.

மாமிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வந்தது நல்லதாய்ப் போயிற்று. "முதலே சொல்லி இரிக்கலாமே! படிச்சனீ, வாய் இல்லையா உனக்கு?" என்று என்னைப் பிடித்தார். வாய் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. முதலில் மாமாவிடம் இரத்தம் எடுத்து, பெட்டியில் வைத்து, போன் பண்ணி லேப்பிலிருந்து வரவழைத்த ஆளிடம் கொடுத்து அனுப்பினேன். பிறகு மாமி என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார். நேர்ந்ததைத் திருப்பி வாங்க ஏலாது, ஆனால் அதற்கு மேல் இன்னொன்றை நேரலாம் என்று அவரே முடிவெடுத்திருந்தார். மிஞ்சிய அரிசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி திருப்பிக் கொடுத்து, புதிதாக மடியேந்தினோம்.

ஒவ்வொரு வாசலிலும் மாமி இறங்கி, "கேட்டது பிழைச்சுப் போச்சு. படக் கூடாதெண்டு சொல்லி அரிசி போடுங்க" என்பார். பிறகு நான் விளக்க வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னை ஏசினார்கள், வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்த பெண், "அப்ப அம்மாள் எந்தச் சொல்லக் கேப்பா? முந்தினதையா, பிந்தினதையா?" என்று கேட்டாள். நான் மாமியைப் பார்த்தேன். "அம்மாளுக்கு என்னைத் தெரியும். நான் ஒரு மொக்கு, என்ட வாயை நம்பேலாது எண்டு அவவுக்கு எப்பவோ தெரியும்" என்றார் மாமி. அந்தப் பெண் இரண்டு கையாலும் அரிசி அள்ளிப் போட்டாள். கடையடியில் நின்றவர்களுக்கு நானே சொன்னேன். கையோடு, மாமா குடிக்கிறவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி வைத்தேன். படித்த பிள்ளை சொன்னால் நம்புவார்கள் என்று மாமாவே என்னிடம் கேட்டிருந்தார்.

லேப்புக்குத் திரும்பி, இருட்டறைக்குள் போய் வடிகட்டியை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அதற்கு முன்னர், அறிவு என்ன சொன்னாலும், எந்த வடிகட்டியைப் பார்க்கும்போதும் பட வேண்டும், பட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். அன்றைக்கு, தேடத் தேட, இருக்கக் கூடாது என்று கெஞ்சிக்கொண்டு தேடினேன். பாதிக்கு மேல் போனதும் பச்சையாக ஒன்று ஒளிர்ந்தது.

தோணியில் குந்தியிருந்து மற்றவர்களுக்குக் குறை சொல்லும் மாமாவைத்தான் நினைத்தேன். பிறகு மற்றச் சாயத்தின் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். அந்தச் சாயம் வெள்ளைக் கலங்களில் மட்டும்தான் ஒட்டும். அதிலும் அது நன்றாக ஒளிர்ந்தது. உடம்பின் சொந்தக் காவற்காரன், இரண்டு சாயத்தையும் பூசிக்கொண்டு நின்றிருக்கிறான். பேராசிரியர் வந்து பார்த்து, "வெள்ளைக் கலம்தான்" என்றார். மிச்சத்தையும் அவரே இருந்து பார்த்தார். கடைசி ஓரம் வரைக்கும் வேறு ஒன்றும் இல்லை. நான் அங்கேயே நிலத்தில் குந்தி அழுதேன்.

இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போகவும் இல்லை, முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொன்னார். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர், இப்போதைக்கு எங்கும் ஒன்றும் இல்லை, தவறாமல் வந்து காட்ட வேண்டும், மெல்ல மெல்லத் தொழிலுக்குப் போகலாம் என்றாராம். மாமி போனில் அதைச் சொன்னபோது, பின்னால் மாமா யாரையோ வலை பழுதாய்க் கட்டியதற்கு ஏசிக்கொண்டிருந்தார்.

சடங்கின் கடைசி நாள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோயில் வளவில் வரிசை வரிசையாகப் பானைகள். மாமி பொங்கி இறக்கி, முதல் அகப்பையை அம்மனுக்கு வைத்துவிட்டு, அடுத்ததை வாழையிலையில் எனக்குப் போட்டார். சுடச்சுடத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினார்.

"மாமாட இரத்தத்த மட்டுந்தானா நீ பார்க்கிற? வேற ஆக்கள்டயும் பார்ப்பியா?"

"நிறையப் பேர்ட பார்ப்பன் மாமி."

"அவங்கட இரத்தத்தில படுறதும் இப்பிடித்தானா? பட்டால் கூடாததா?"

ஓம் என்றேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்க எத்தனை கோயிலில் நேர்த்தி வைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்காக என் அம்மாவும் வைத்தவர்தான். மாமி எழும்பி, திருநீற்றைக் கையில் எடுத்து, என் நெற்றியில் அழுத்திப் பூசினார்.

"உனக்கு இந்த வேலையே இல்லாமப் போகட்டும் புள்ள" என்றார்.

"ஓம் மாமி, போகட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டு வாங்கித் தின்றேன்.